கணக்கு கேட்க வாய் வரவில்லை

வாசகி கேள்வி:

எனக்கு அறுபத்து மூன்று வயது. செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். போன வருஷம் புற்றுநோயில் தவறிவிட்டார். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு எட்டு மாதம் அலைந்தோம். ரூம் எடுக்க வசதியில்லாமல் வராந்தாவில் படுத்துக் கிடந்த நம்ம ஊர்க்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தேன். அவர் நினைவாக ஒரு லட்சம் ரூபாய் அப்படிப்பட்டவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டிரஸ்ட், நோயாளிகளுக்குத் தங்க இடமும் மதியச் சாப்பாடும் கொடுக்கிறதாம். அங்கிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்து ஆல்பம் காட்டினார்கள். பத்திரத்தின் நகலும் தந்தார்கள், ஆனால் அது மலையாளத்தில் இருக்கிறது. 80ஜி உண்டு, வரி மிச்சமாகும் என்றார்கள். எனக்குக் குடும்பப் பென்ஷனும் டெபாசிட் வட்டியும் சேர்ந்து வருஷத்துக்கு நாலு லட்சம் வரும். துபாயில் இருக்கும் மகன், "எல்லாம் ஏமாற்று, கோயில் உண்டியலில் போடுங்கள்" என்கிறான். வந்தவர்களைப் பார்த்தால் நல்லவர்களாகத்தான் தெரிகிறது. வீடு தேடி வந்தவர்களிடம் கணக்கு கேட்க எனக்கு வாய் வரவில்லை. நம்பிக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் துக்கத்துக்கு நடுவிலும் அந்த வராந்தாவில் படுத்துக் கிடந்தவர்களை நீங்கள் மறக்கவில்லை. அதற்கு முதலில் என் வணக்கம். தென்காசியில் இருபத்தைந்து வருஷமாக ஆடிட்டராக இருக்கிறேன். நான் கணக்குப் பார்க்கும் டிரஸ்ட்டுகளில் சில மலைக்கு இந்தப் பக்கம், சில ஆரியங்காவு தாண்டி அந்தப் பக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கேளுங்கள். வாய் வரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்காமல் மட்டும் கொடுக்காதீர்கள்.

கணக்கு கேட்டால் அவர்கள் மனம் புண்படுமோ என்று நினைக்கிறீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு அப்படிப் புண்படாது. நான் போய்வரும் முதியோர் இல்லம் ஒன்றில், நிர்வாகியாக இருக்கும் அம்மா ஒவ்வொரு வருஷத்து வவுச்சர்களையும் தனித்தனிக் கட்டாக நூலில் கட்டி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். அரிசிக் கடை பில், கேஸ் சிலிண்டர் ரசீது, மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக இருக்கும். முதல் தடவை நான் ஒரு கட்டைப் பிரித்தபோது, "பதினோரு வருஷமாகக் கட்டி வைக்கிறேன் சார், பணம் கொடுத்தவர்களில் ஒருத்தர்கூட இதைப் பிரித்துப் பார்க்கவில்லை" என்றார். அவருக்கு அதில் வருத்தம்தான். நேர்மையாக எழுதி வைத்த கணக்கைப் பார்க்க ஒருவர் வந்தால், அவருடைய உழைப்புக்கு அது மரியாதை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் என்று சொல்லி எங்கள் தெருவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அம்மா சீட்டுப் பணத்திலிருந்து ஐயாயிரம் எடுத்துக் கொடுத்தார். ரசீதில் ஒரு குழந்தையின் படமும் போன் நம்பரும் இருந்தன, முகவரி இல்லை. ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அக்கா தன் ரசீதைக் காட்டினார். இரண்டிலும் ஒரே வரிசை எண். அம்மா அதை அப்பாவிடம் சொல்லவேயில்லை. பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதற்கப்புறம் பல வருஷம் வாசலுக்கு யார் வந்து கேட்டாலும் அம்மா கதவைச் சாத்திவிடுவார். அதில் உண்மையானவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ. உங்கள் மகன் "எல்லாம் ஏமாற்று" என்று சொல்வதும் இப்படி எங்கேயோ அடிபட்ட பேச்சாகத்தான் இருக்கும். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உண்டியலில் போடும் பணம், அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், வராந்தாவில் கிடப்பவரைச் சென்று சேராது. நீங்கள் நினைத்தது அதுவல்ல.

சரி, 80ஜி விஷயத்துக்கு வருவோம். கொடுத்த நன்கொடையை வருமானத்தில் கழித்துக்கொள்ள விடும் வரிச் சட்டப் பிரிவு அது. வரி மிச்சம் என்று உங்களிடம் சொன்னது உங்கள் விஷயத்தில் பொருந்தாது. வருஷத்துக்கு நாலு லட்சம் வருமானத்துக்குப் பழைய வரி முறையிலும் வரி வராது, புதிய முறையிலும் வராது. வராத வரியில் என்ன மிச்சம்? புதிய முறையில் 80ஜி கழிவே கிடையாது. பழைய முறையில் எட்டு லட்சம் வருமானம் உள்ள ஒருவர் ஒரு லட்சம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு கழிவுகள் இல்லையென்றால், வருமானத்தில் பத்து சதவீதமான எண்பதாயிரம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். பெரும்பாலான டிரஸ்ட்டுகளுக்கு அதிலும் பாதிதான் கழியும், அதாவது நாற்பதாயிரம். அதுவும் வரியில் கழிவதில்லை, வருமானத்தில் கழிகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு ஒன்றுமே கிடையாது. வந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் சொல்வதை உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கொடுப்பதற்கு வரி ஒரு காரணமாக இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்படியானால் 80ஜி எதற்கு என்று கேட்பீர்கள். அது ஓர் அடையாளம். அந்த டிரஸ்ட்டுக்கு பான் எண் இருக்கிறது, வருமான வரித் துறையில் பதிவு இருக்கிறது, வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்யும் கடமை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஒவ்வொரு ரூபாயும் நோயாளிக்குப் போனதை யாரோ அதிகாரி நின்று பார்த்தார் என்று அர்த்தம் இல்லை. மத்திய அரசின் நிதி ஆயோக், தொண்டு நிறுவனங்களுக்காக நடத்தும் தர்பண் தளத்தில் பதிவு எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அதுவும் அப்படித்தான், பதிவுதானே தவிர நற்சான்று இல்லை. அவர்கள் காட்டும் 80ஜி சான்றிதழில் ஆண்டைப் பாருங்கள். முன்பு போல ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் செல்லுபடியாகும் என்ற நிலை 2021-இல் போய்விட்டது. தற்காலிகப் பதிவு மூன்று வருஷம், முறையான பதிவு ஐந்து வருஷம் என்று ஆனது. அப்போது புதுப்பித்துக்கொண்ட பல டிரஸ்ட்டுகளுக்கு 2026 மார்ச் வரைதான் அந்த ஐந்து வருஷம். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பழைய சான்றிதழைக் காட்டினால், புதுப்பித்ததையும் கேளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறாகின்றன. ஆனால் 80ஜி என்று சொன்னாலே எல்லாருக்கும் புரியும்.

உண்மையான விஷயம் கணக்கில்தான் இருக்கிறது. கடைசி மூன்று வருஷத்து ஆடிட் செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனாலும் எண்ணுக்கு மொழி கிடையாது. ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழே யூடின் என்று ஒன்று போட்டிருக்கும். பதினெட்டு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வருஷத்தைக் குறிக்கும், அடுத்த ஆறு அந்த ஆடிட்டரின் உறுப்பினர் எண், மீதிப் பத்தும் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். 2019-லிருந்து நாங்கள் கையெழுத்துப் போடும் தணிக்கை அறிக்கை ஒவ்வொன்றுக்கும் இது கட்டாயம். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் யூடின் தளத்தில் அந்த எண்ணை அடித்தால், அது நிஜமாகவே ஒரு ஆடிட்டர் போட்டதுதானா, எந்தத் தேதியில், எந்த ஆவணத்துக்கு என்று வந்துவிடும். பணம் எதுவும் கட்ட வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துபாயிலிருந்து உங்கள் மகன் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். சந்தேகப்படுகிறவருக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

கணக்கைக் கையில் எடுத்ததும் நான் எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். முதலில் சாப்பாட்டுச் செலவு. தினமும் எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு என்று நோட்டீஸில் போட்டுவிட்டு, வருஷத்து மளிகையும் காய்கறியும் சேர்ந்து ஒன்றரை லட்சம்தான் என்று கணக்கில் இருந்தால், ஒரு சாப்பாட்டுக்கு ஐந்து ரூபாய் சொச்சம்தான் வருகிறது. அந்தச் செலவில் சோறு போட முடியாது என்பது சமைக்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். யாராவது அரிசி மூட்டையாகக் கொடுத்திருக்கலாம். இருக்கட்டும், அதற்கும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அடுத்து சொத்துப் பக்கம். அங்கே நிர்வாகிகளுக்கோ அவர்கள் உறவினருக்கோ கடன், முன்பணம் என்று தொகை ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எடுத்த எடுப்பிலேயே கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். டிரஸ்ட் பணத்தை நடத்துகிறவர் அனுபவிக்கக் கூடாது என்பது சட்டம், மீறினால் அந்தத் தொகைக்காவது வரிவிலக்குப் போகும். ஒரே குடும்பத்தில் கணவன், மனைவி, தம்பி என மூன்று பேர் நிர்வாகிகளாக இருப்பது மட்டும் குற்றமில்லை. அந்தக் குடும்பத்து வீட்டையே டிரஸ்ட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தால், வாடகை எவ்வளவு என்று பாருங்கள்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று சிலர் அதையே பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. சமையல்கார அம்மாவின் சம்பளமும் கரண்ட் பில்லும் இல்லாமல் எந்த நோயாளிக்கும் சோறு வராது. "நூற்றுக்கு நூறும் நோயாளிக்கே" என்று நோட்டீஸில் போடுகிறவர்களிடம், வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். யாரோ ஒருவர் தன் கையிலிருந்து கட்டுகிறார் என்றால் சந்தோஷம், அதைக் கணக்கில் காட்டட்டும். உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பேரிடமும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களுக்குச் சம்பளமா, வசூலில் கமிஷனா? சம்பளம் தவறில்லை. வசூலில் பங்கு என்றால், என்னைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது என்றீர்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். நம் பெரியவர்களில் எத்தனையோ பேருக்குப் பேச்சு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு, எழுத்து வராது. படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு இடத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்: நோக்கம் என்ன, டிரஸ்ட்டை மூடினால் மிச்சச் சொத்து யாருக்குப் போகும். இதேபோன்ற வேறொரு அறக்கட்டளைக்கு என்று இருந்தால் சரி. நிறுவனருக்கோ வாரிசுக்கோ என்று இருந்தால் கொடுக்காதீர்கள்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஆல்பத்தில் இருப்பது அவர்கள் காட்ட விரும்பியது மட்டும்தான். மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு வழியாகப் போகும் அந்த பஸ் பாதை உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். அந்தப் பாதையில் திரும்பவும் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. தனியாகப் போக வேண்டாம், மதினியோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட வரட்டும். சொல்லாமல் மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே நில்லுங்கள். அடுப்பு எரிகிறதா, எத்தனை இலை விழுகிறது, படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா, யார் வந்து தங்கினார்கள் என்று எழுதிய நோட்டு இருக்கிறதா? அங்கே தங்கியிருப்பவரிடம், இடம் கிடைக்க யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று மெதுவாகக் கேளுங்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்குள் போய் அங்குள்ள சமூகப் பணியாளரைப் பாருங்கள். பொதிச்சோறு கொண்டுவருவது யார், போட்டோவுக்கு மட்டும் வந்துபோவது யார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வராந்தாவில் எட்டு மாதம் இருந்தவர் நீங்கள். இந்த விஷயத்தில் எந்த ஆடிட்டரையும்விட உங்கள் கண்ணுக்குத்தான் அதிகம் தெரியும்.

இவ்வளவும் முன்கூட்டியே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளை மேற்பார்க்க சாரிட்டி கமிஷனர் என்று தனி அதிகாரியே உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இப்படிப்பட்ட பொதுவான டிரஸ்ட்டுகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. தவறு நடந்தால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேராவது சேர்ந்து, சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும். புளியரையிலிருந்து மலை தாண்டிப் போய் நீங்கள் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

கொடுப்பதென்று முடிவானால், கிராஸ் செய்த காசோலையாக டிரஸ்ட் பெயரிலேயே கொடுங்கள். போனில் அனுப்புவதானால், பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். டிரஸ்ட் பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள், பொருளாளர் பெயர்தான் என்று சொன்னாலும் சரி. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவு நடந்த பிறகு, முதல்வர் நிவாரண நிதிக்கு வைத்திருந்த க்யூஆர் கோடு தவறாகப் பயன்படக்கூடும் என்று கேரள அரசே அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொண்டது. அரசாங்கத்துக்கே அந்தக் கவலை என்றால் நமக்கு இன்னும் வேண்டும். ரசீதில் வரிசை எண், டிரஸ்ட்டின் பான், முகவரி, உங்கள் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். 80ஜி உள்ள டிரஸ்ட் என்றால், நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் உங்கள் நன்கொடையை வருமான வரித் துறையிடம் தெரிவித்து, உங்களுக்கு 10பிஇ என்று அழைக்கப்பட்டுவந்த நன்கொடைச் சான்றிதழைத் தர வேண்டும். உங்களுக்கு வரி இல்லாவிட்டாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஒரு லட்சம் அவர்கள் புத்தகத்தில் ஏறியது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

மகனும் சேர்ந்து கொடுக்க நினைத்தால் தடையில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் கொடுத்தால்தான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும், அதற்கென டிரஸ்ட் டில்லி ஸ்டேட் பேங்கில் வைக்க வேண்டிய தனிக் கணக்கும்.

ஒரு லட்சத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதலில் பத்தாயிரம் கொடுங்கள். ரசீது எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்து, அந்தப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அடுத்த முப்பதாயிரம். "இன்றைக்கே கொடுத்தால்தான்" என்று அவசரப்படுத்தினால் அதுவே உங்களுக்குப் பதில். மூலதன நிதியாக வையுங்கள், வட்டியில் வருஷா வருஷம் அவர் திதி அன்று சாப்பாடு போடுகிறோம் என்று அவர்கள் சொல்லலாம். கேட்க மனதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வருஷமாவது பழகாத டிரஸ்ட்டிடம் மூலதனமாக வைக்க நான் சொல்லமாட்டேன். இப்போது படுத்திருக்கிறவருக்கு இப்போது செலவாகட்டும்.

இந்த டிரஸ்ட் தேறவில்லை என்றாலும் உங்கள் எண்ணம் நின்றுபோக வேண்டியதில்லை. சமூகப் பணியாளர் காட்டும் ஒரு நோயாளியின் பெயரிலும் பதிவு எண்ணிலும் ஆஸ்பத்திரி கவுன்டரிலேயே பணம் கட்டி ரசீது வாங்கலாம். இதற்கு டிரஸ்ட்டும் வேண்டாம், 80ஜியும் வேண்டாம். ஊரில் ஆட்டோக்காரர்கள் சேர்ந்து ஒருவருக்காக வசூல் செய்யும்போதும் இதே வழிதான் நல்லது. தேவைக்கு மேல் சேர்ந்தால் மிச்சம் யாருக்கு என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2021-இல் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குப் பதினெட்டு கோடி ரூபாய் மருந்துக்காகத் திரட்டியபோது நாற்பத்தாறு கோடிக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஜனங்கள் அவ்வளவு மனதோடு கொடுக்கிறார்கள். மிச்சத்துக்கும் ஒரு வழி எழுதி வைத்திருக்க வேண்டும்.

நேரில் கேட்க வாய் வராத உங்களுக்காக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். அப்படியே கையால் எழுதி அனுப்புங்கள்:

"ஐயா, வணக்கம். என் கணவர் நினைவாக உங்கள் டிரஸ்ட்டுக்கு உதவ விரும்புகிறேன். கடைசி மூன்று வருஷத்துத் தணிக்கைக் கணக்கு, பான் எண், நடப்பில் உள்ள 80ஜி சான்றிதழ் ஆகியவற்றின் நகல் அனுப்பிவைக்கவும். நிர்வாகிகள் யார் யார் என்பதையும், போன மாதம் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். இங்ஙனம்."

பதில் வந்தால், கணக்கை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து இந்தப் பகுதிக்கே எனக்கு அனுப்புங்கள். நானே உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.